மனநல உதவி எண்ணில் ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்பவருக்கு

மனநல உதவி எண்ணில் ஒருங்கிணைப்பாளராகச் சேருகிறவர்களில் பெரும்பாலானோர், இனி இரவெல்லாம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். பேசுவது தன்னார்வலரின் வேலை. அவர் ஒரு காதில் அழைப்பாளரின் அழுகையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, எதிர் மேசையில் உட்கார்ந்து இன்னொரு தொலைபேசியில் சரியான ஊருக்குச் சரியான ஆம்புலன்ஸை அனுப்புவதும், அழைப்பு முடிந்து கை நடுக்கத்தோடு எழுந்திருக்கும் அவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடாமல் இருப்பதும், மறுநாள் அதே நேரத்தில் அந்த நாற்காலியில் யாராவது ஒருவர் இருக்கும்படி பார்த்துக்கொள்வதும்தான் ஒருங்கிணைப்பாளரின் வேலை. புதுச்சேரியில் இந்தப் பணியைச் சில ஆண்டுகள் செய்த அனுபவத்திலிருந்து, புதிதாக வருபவர் எதை முதலில் செய்ய வேண்டும், எதில் வழக்கமாகத் தடுக்கி விழுவோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 12.4 என்றிருந்த தற்கொலை விகிதம், புதுச்சேரியில் 29.7 ஆக இருந்தது. சின்ன ஊர், மருத்துவமனைகள் அருகில் இருக்கின்றன, பெரிதாக ஒன்றும் வராது என்ற எண்ணத்தோடு யாரும் இந்தப் பொறுப்புக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இந்த எண்ணைச் சொல்கிறேன்.

முதல் வாரம்: எல்லையைப் படியுங்கள்

முதல் வாரம் தொலைபேசியைத் தொட வேண்டாம். ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறுங்கள். புதுச்சேரி மாவட்டம் ஒரே துண்டாக இல்லை என்பதை வரைபடத்தில் பார்த்தவர்களுக்குக்கூட, அதன் விளைவு என்ன என்பது நள்ளிரவில்தான் புரியும். வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் சென்றால், வழியில் கண்டமங்கலத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, திருபுவனையில் மறுபடியும் புதுச்சேரிக்குள் வந்துவிடுவீர்கள். கடலூர் சாலையில் கன்னியகோவிலும் முள்ளோடையும் புதுச்சேரி. அதைத் தாண்டிய ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். வடக்கே நகரத்தை ஒட்டியே இருக்கும் கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம். அதற்கும் வடக்கே இருக்கும் காலாப்பட்டு மறுபடியும் புதுச்சேரி. 0413 என்று தொடங்கும் தரைவழி எண்ணைப் பார்த்ததும் அழைப்பாளர் புதுச்சேரிக்குள்தான் இருக்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆரோவில்லுக்கும் அதே குறியீடுதான். ஆனால் ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது.

இது ஏன் முக்கியம் என்பதை நான் கற்றுக்கொண்ட விதத்தை, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். நான் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு பெண் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு அழைத்தார். ஊர்ப் பெயரை அவர் தெளிவாகச் சொல்லவில்லை. "மாரியம்மன் கோயில் தெரு, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல" என்று மட்டும் சொன்னார். மாரியம்மன் கோயில் தெருவும் தண்ணீர்த் தொட்டியும் இல்லாத ஊர் இந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறது? தட்டுத்தடுமாறி ஊரைக் கண்டுபிடித்து நான் 108-ஐ அழைத்தபோது, அது புதுச்சேரியின் கட்டுப்பாட்டு அறைக்குப் போனது. அந்த ஊரோ சாலைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருந்தது. தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைக்கான நேரடி எண் என்னிடம் இல்லை. எத்தனை முறை 108-ஐ அழுத்தினாலும் அது நான் உட்கார்ந்திருக்கும் மாநிலத்துக்குத்தான் போகும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். ஆனால் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது, தன்னார்வலர் கேட்டுக்கொண்டபடி அவர் கதவைத் திறந்து கூப்பிட்ட பக்கத்து வீட்டுக்காரரின் டி.வி.எஸ். வண்டி. நான் ஏற்பாடு செய்த எதுவும் அங்கே போய்ச் சேரவில்லை.

எனவே உங்கள் நோட்டில் இரண்டு மாநிலங்களின் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைகளுக்கும் நேரடி எண்கள் இருக்க வேண்டும். கோட்டக்குப்பம், கண்டமங்கலம், ரெட்டிச்சாவடி, பாகூர், கிருமாம்பாக்கம் என்று எல்லையோரக் காவல் நிலையங்கள் ஒவ்வொன்றின் தரைவழி எண்ணும் இருக்க வேண்டும். ஊர்ப் பெயருக்கு எதிரில் மாநிலம், காவல் நிலையம், விஷமுறிவுச் சிகிச்சை தரக்கூடிய மிக அருகிலுள்ள மருத்துவமனை என்று மூன்று கட்டங்கள் போட்டு நிரப்புங்கள். காரைக்கால் நம் ஒன்றியப் பகுதிதான் என்றாலும் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. மாஹேயிலிருந்து மலையாளத்திலும் ஏனாமிலிருந்து தெலுங்கிலும் அழைப்பு வரலாம். அவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கி, அந்த மொழி பேசும் தன்னார்வலரின் பெயரையும் அங்கேயே எழுதிவையுங்கள்.

மருத்துவமனைகளுக்கு நேரில் செல்லுங்கள். கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகிய ஒவ்வொன்றிலும், மனநலப் பிரிவு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, புறநோயாளிச் சீட்டு எத்தனை மணி வரை தருகிறார்கள், இரவில் வருபவரை முதலில் யார் பார்க்கிறார்கள் என்று வரிசையில் நின்று தெரிந்துகொண்டு வாருங்கள். "ஜிப்மருக்குப் போங்கள்" என்று சொல்வது யாருக்கும் எளிது. எந்த வாயில் வழியாக நுழைந்து எந்த மேசையில் என்ன சொல்ல வேண்டும் என்று சொன்னால்தான், ஏற்கெனவே சோர்ந்து போயிருக்கும் ஒருவர் கிளம்புவார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை நோட்டிலுள்ள எல்லா எண்களுக்கும் ஒரு முறை அழைத்துப் பாருங்கள்.

நம் எண்ணைத் தவிர வேறு எங்கெல்லாம் அனுப்பலாம் என்பதும் அதே நோட்டில் இருக்கட்டும். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567. தன்னார்வ அமைப்புகளில் புதுச்சேரியில் மைத்ரேயியும், சென்னையில் 1986 முதல் ஸ்நேகாவும் இருக்கின்றன. இவற்றைப் போட்டியாக நினைக்காதீர்கள். நம் இணைப்பு கிடைக்காத நேரத்தில் அழைப்பாளருக்கு இன்னொரு கதவு திறந்திருக்கிறது என்றால், அது நமக்கும் நிம்மதிதான்.

இரண்டாவது: அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்குங்கள்

தமிழில் யாரும் அழைத்த உடனே "நான் தற்கொலை செய்துகொள்ளப் போகிறேன்" என்று சொல்வதில்லை. "எங்கயாவது போயிடலாம்னு இருக்கு", "நிம்மதியா தூங்கிட்டா போதும்", "நான் இருந்தா எல்லாருக்கும் பாரம்", "புள்ளைங்கள எங்கம்மா பாத்துப்பாங்க" என்றுதான் பேச்சு வரும். சிலர் நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லை, வயிற்றில் எரிச்சல் என்று உடம்பைப் பற்றியே பத்து நிமிடம் பேசுவார்கள். இவற்றில் எது வெறும் அலுப்பு, எது விடைபெறுதல் என்பதை ஊகிக்க முயலக்கூடாது, கேட்டுவிட வேண்டும். நேரடியாகக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மறைத்துவைத்திருந்ததைச் சொல்ல ஒருவர் இடம் கொடுத்தார் என்ற ஆறுதல்தான் பெரும்பாலும் மிஞ்சும்.

சிக்கல் கேட்பவரின் நாக்கில் இருக்கிறது. எங்கள் பயிற்சியில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் மற்ற எல்லாவற்றையும் அழகாகப் பேசிவிட்டு, அந்த இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, "அந்த மாதிரி ஏதாவது எண்ணம்..." என்று நிறுத்திவிடுவார். எந்த மாதிரி என்று எதிரில் இருப்பவர் கேட்டால், "அதுதான்" என்பார். அவரை எழுப்பி, சன்னல் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, "உயிரை விட்டுடலாம்னு தோணுதா? தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கிறீங்களா?" என்று சாதாரணக் குரலில், ஏதோ விலாசம் கேட்பதுபோல, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தோம். ஏழெட்டு முறைக்குப் பிறகு குரல் நடுங்குவது நின்றது. ஒவ்வொரு புதிய தன்னார்வலரையும் இந்தப் பயிற்சிக்கு உட்படுத்துங்கள். முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள்.

ஆம் என்ற பதில் வந்தால், அடுத்த கேள்விகள் ஒரே மூச்சில் வராமல் பேச்சோடு பேச்சாக வர வேண்டும். எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, இன்றைக்கே என்று நினைக்கிறாரா, இதற்கு முன் முயன்றிருக்கிறாரா, குடித்திருக்கிறாரா, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்பவைதான் அவை. திட்டமும் பொருளும் நேரமும் மூன்றுமே இருந்தால், அதற்குமேல் அது சாதாரண அழைப்பு அல்ல.

சொல்லக் கூடாதவற்றையும் எழுதி ஒட்டிவையுங்கள். நம் ஊரில் நல்லெண்ணத்தோடு எல்லோரும் முதலில் சொல்வது, "உங்க புள்ளைங்க முகத்த நினைச்சுப் பாருங்க" என்பதுதான். தான் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு நல்லது என்ற முடிவுக்கே வந்துவிட்ட தாயிடம் இதைச் சொன்னால், அவர் குற்றவுணர்ச்சியில் இன்னும் ஓர் அடி கீழே போவார். "கடவுள் இருக்கார்", "இதுக்கெல்லாமா" ஆகியவையும் அப்படியே. "ஏன்" என்று தொடங்கும் கேள்வி விசாரணைபோல ஒலிக்கும். "எப்போதிலிருந்து" என்று கேட்டால் கதை தானாக வரும்.

மூன்றாவது: உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தவுடன்

தன்னார்வலரின் மேசையில் ஒரு சிவப்பு அட்டை இருக்க வேண்டும். அதை அவர் உயர்த்தியதும் நீங்கள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அவர் பேச்சை நிறுத்தவோ இணைப்பைத் துண்டிக்கவோ கூடாது. அங்கிருந்து எல்லாம் துண்டுச் சீட்டில் நடக்கும். ஊர், தெரு, அடையாளம், கதவு திறந்திருக்கிறதா, பக்கத்தில் யார் என்று நீங்கள் எழுதி நீட்டுவதை அவர் கேட்பார், பதிலை எழுதித் தருவார். நீங்கள் எதிர் மேசைக்குத் திரும்பி, இன்னொரு தொலைபேசியில், நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வண்டியை அனுப்புவீர்கள்.

அழைப்பாளர் ஏதாவது உட்கொண்டிருந்தால், "இப்ப ஒண்ணும் பண்ணல, நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் சொல்வதை நம்பக்கூடாது. சில நஞ்சுகள் ஓரிரு நாள் கழித்தே உறுப்புகளைத் தாக்கும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் பழக்கம் கிராமங்களில் இன்னும் இருப்பதால், அதைச் செய்ய வேண்டாம் என்று உடனிருப்பவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். குடித்த பாட்டிலையோ உறையையோ கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். இன்னும் எதுவும் செய்யாதவராக இருந்தால், அந்தப் பொருளை அவரிடமிருந்து ஓர் இரவுக்காவது தள்ளிவைப்பதே முதல் வேலை. நெருக்கடியின் உச்சம் பெரும்பாலும் நீண்ட நேரம் நிற்பதில்லை. பூச்சிமருந்து இருக்கும் மோட்டார் கொட்டகையின் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பது, மாத்திரைப் பெட்டியை அக்காவிடம் ஒப்படைப்பது போன்ற சின்ன ஏற்பாடுகளால் அந்த நேரம் கடந்துபோய்விடும்.

வேறொருவருக்குத் தகவல் சொல்லப் போகிறோம் என்றால், முடிந்தவரை அழைப்பாளரிடம் அதைச் சொல்லிவிட்டே செய்யுங்கள். "உங்களைத் தனியா விட எனக்கு மனசில்ல, வண்டி அனுப்பச் சொல்லியிருக்கோம், வர்ற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்" என்று சொன்னால் சிலர் கோபப்படுவார்கள், சிலர் துண்டித்துவிடுவார்கள். துண்டித்தாலும் வண்டி போகட்டும்.

மிஸ்டு கால்

பயிற்சிக் கையேடுகளில் இது அரைப் பக்கம்கூட இருக்காது. நம் ஊரில் பாதி வேலை இதுதான். கையில் காசில்லாமல், அல்லது பயத்தில், ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவார்கள். அந்த எண் அழைத்தவருடையதாக இல்லாமல் கணவருடையதாகவோ மகனுடையதாகவோ இருக்கலாம். திரும்ப அழைக்கும் தன்னார்வலர் உற்சாகமாக நிறுவனத்தின் பெயரைச் சொல்லிவிட்டால், மறுமுனையில் மாமியார் இருக்கும் வீட்டில் அன்றிரவு என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. எனவே எங்கள் விதி இது: அழைப்பாளரே பேசி, திரும்ப அழைக்கச் சொல்லி, எந்த நேரத்தில் என்பதையும் சொல்லியிருந்தால் மட்டும் தயக்கமின்றித் திரும்ப அழைக்கலாம். வெறும் மிஸ்டு கால் என்றால் ஒரே ஒரு முறை அழைத்து, "இந்த நம்பர்ல இருந்து கால் வந்துச்சுங்க" என்பதற்குமேல் ஒரு சொல்லும் பேசாமல், எதிர்முனையில் இருப்பவர் தாமாகப் பேசுகிறாரா என்று காத்திருக்க வேண்டும். வேறு யாராவது எடுத்தால், தவறான எண் என்று வைத்துவிட வேண்டும்.

பேசாமலேயே இருக்கும் அழைப்புகளும் உண்டு. மூச்சுச் சத்தமோ மின்விசிறிச் சத்தமோ மட்டும் கேட்கும். ஐந்து நிமிடமாவது இருங்கள். "நான் இங்கதான் இருக்கேன், மெதுவா பேசுங்க" என்று இடையிடையே சொல்லுங்கள். ஆபாசமாகப் பேச அழைப்பவர்களிடம் இந்தப் பொறுமை தேவையில்லை. ஒரு முறை எச்சரித்துவிட்டு வைத்துவிடும் உரிமை தன்னார்வலருக்கு உண்டு என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். குறிப்பாக இளம்பெண்கள், சேவை என்று வந்துவிட்டதால் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்துத் தவிப்பார்கள்.

பதிவேடு

"பெண், குடும்பப் பிரச்சினை, மிகவும் வருத்தமாக இருந்தார், ஆறுதல் கூறப்பட்டது" என்று எழுதப்பட்ட பதிவு, அடுத்த ஷிப்டில் வருபவருக்கு ஒன்றையும் சொல்வதில்லை. இதையே இப்படி எழுதலாம்: "இரவு 11.40. பெண், முப்பதைத் தாண்டியவர். சொந்தச் சொல்: 'நான் இருந்தா எல்லாருக்கும் பாரம்.' குழுக் கடன் தவணை, மூன்று வாரமாகத் தூக்கமில்லை. நேரடியாகக் கேட்டதற்கு ஆம் என்றார். மாத்திரைகள் வீட்டில் இருந்தன. அக்காவிடம் கொடுத்துவிட்டார், அக்காவே பேசி உறுதி செய்தார். அக்கா இரவு அங்கேயே தங்குகிறார். நாளை காலை 10 மணிக்கு இதே எண்ணில் அழைக்கச் சம்மதம். கணவர் அப்போது வேலைக்குப் போயிருப்பார்." நம் ஊகமும் தீர்ப்பும் இதில் இல்லை. பெயரையும் எண்ணையும் தனித் தாளில் எழுதிப் பூட்டிவைத்து, பதிவேட்டில் வரிசை எண்ணை மட்டும் குறிப்பிடுங்கள். புதுச்சேரி சின்ன ஊர். உங்கள் தன்னார்வலருக்குத் தெரிந்த ஒருவர் என்றைக்காவது கட்டாயம் அழைப்பார்.

தன்னார்வலரைக் காப்பது

இந்தப் பகுதியை நீங்கள் தள்ளிப்போட்டால், ஆறு மாதத்தில் உங்களிடம் நல்ல நோட்டு இருக்கும், ஆட்கள் இருக்க மாட்டார்கள். இரவு ஷிப்டில் ஒருவரைத் தனியாக உட்காரவைக்காதீர்கள். தொடர்ந்து இரண்டு இரவுகளுக்குமேல் யாருக்கும் போடாதீர்கள். கடினமான அழைப்பு முடிந்ததும் அடுத்த அழைப்பை நீங்கள் எடுத்துக்கொண்டு, அவரை வெளியே அனுப்பி டீ குடிக்கச் சொல்லுங்கள். பிறகு பதினைந்து நிமிடம் அவரோடு உட்காருங்கள். அழைப்பை அவர் சரியாகக் கையாண்டாரா என்ற ஆராய்ச்சி அப்போது வேண்டாம், அது மறுநாள் வேலை. எந்த இடத்தில் அவருக்குக் கஷ்டமாக இருந்தது என்று மட்டும் கேளுங்கள்.

அண்மையில் தம் வீட்டில் ஒரு தற்கொலையைச் சந்தித்தவர்கள், அதனாலேயே உதவ வேண்டும் என்ற தவிப்போடு வருவார்கள். அவர்களை மறுக்க மனம் வராது. ஆனாலும் ஓராண்டு கழித்து வரச் சொல்வதே அவர்களுக்கும் நல்லது. அதுவரை நோட்டுப் புத்தகத்தைப் புதுப்பிக்கும் வேலையைக் கொடுக்கலாம்.

அழைப்பாளர் ஒருவர் இறந்துவிட்டார் என்ற செய்தி என்றைக்காவது வரும். அதைத் தன்னார்வலர் நாளிதழில் படித்துத் தெரிந்துகொள்ள விடாதீர்கள். நீங்களே நேரில் சென்று சொல்லுங்கள். நான் ஒரு முறை வாட்ஸ்அப்பில் சொன்னேன். அந்தத் தம்பி அதற்குப் பிறகு வரவே இல்லை.

சட்டம்: தெரிந்திருக்க வேண்டிய அளவு

"ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆயிடுமா?" என்ற கேள்வி அழைப்பாளரிடமிருந்தும் குடும்பத்தாரிடமிருந்தும் தவறாமல் வரும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 309-ஆவது பிரிவே இடம்பெறவில்லை; அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ அப்படி முயல்வதை மட்டும் 226-ஆவது பிரிவு குற்றமாக வைத்திருக்கிறது. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் தருவதும் காவலர் வந்து வாக்குமூலம் எழுதிக்கொள்வதும் நடக்கும். அது நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, பயந்துகொண்டு சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவு சிகிச்சை தருவோரை ரகசியம் காக்கச் சொல்கிறது. உயிராபத்து வரும்போது விதிவிலக்கும் தருகிறது. நம் சேவையின் விதியையும் அதையொட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் வன்முறை தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். "யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்" என்று பொத்தாம்பொதுவாக வாக்குக் கொடுக்கும் பழக்கத்தைத் தன்னார்வலர்களிடமிருந்து முதல் நாளே களையுங்கள்.

ஆண்டு முழுதும் ஒன்றல்ல

ஷிப்ட் அட்டவணை போடும்போது காலண்டரைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். தேவனாம்பட்டினத்திலிருந்து காலாப்பட்டு வரை கடலோர வீடுகளில் கடன் பேச்சு சூடுபிடிக்கும் நேரம் அது. அதே நாட்களில் பிளஸ் டூ, நீட் தேர்வு முடிவுகளும் வரும். முடிவு வெளியாகும் நாளிலும் அதற்கு முந்தைய இரவிலும் கூடுதலாக இருவரை உட்காரவையுங்கள்.

அக்டோபர் பிறந்ததும் புயலுக்குத் தயாராகுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையைத்தான் கடந்தன. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் கார்டுகள், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், வீட்டிலிருந்தே அழைப்பை எடுக்கக்கூடிய மூன்று பேரின் பட்டியல், நோட்டின் ஜெராக்ஸ் பிரதி ஒன்று உங்கள் வீட்டில் என்று எல்லாம் தயாராக இருக்கட்டும். புயலன்று அழுகை குறைவாகவே இருக்கும். பலரும் வேலையில் மும்முரமாக இருப்பார்கள். முந்திரித் தோப்பு விழுந்ததற்கான நிவாரணக் கணக்கெடுப்பு முடிந்து, அதிகாரிகள் திரும்பிப் போன பிறகுதான், இரண்டு மூன்று வாரம் கழித்து, பண்ருட்டிப் பக்கமிருந்து அழைப்புகள் வரத் தொடங்கும். கூடுதல் ஆட்களை அதுவரை நிறுத்திவையுங்கள். மின்சாரம் இல்லாத நாட்களில் அழைப்பவரிடம், பெயருக்கும் முன்னால், போனில் எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கிறது என்று கேட்டு, இணைப்பு அறுந்தால் எந்த எண்ணில் யாரைக் கூப்பிடுவது என்பதை முதல் நிமிடத்திலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.